அப்பாவுக்குத் திண்டுக்கல் வெளிநாடு

சிங்கப்பூரில் என்னோடு தமிழாசிரியர்களாக வேலை பார்த்த இரண்டு பேர் இந்த மாதம் தனித்தனியாகப் போன் செய்தார்கள். இரண்டு பேர் வீட்டிலும் மறதி நோய் வந்த பெற்றோர் இருக்கிறார்கள். இருவரும் கேட்டது ஒன்றுதான்: "அப்பாவைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனீங்களே மாலதி, சரியா அமைஞ்சுதா? நாங்களும் அப்படிச் செய்யலாமா?" இரண்டு முறையும் பதிலை ஆரம்பித்து, பாதியில் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது அப்பா பக்கத்து அறையில் தூங்குகிறார். காய்ச்சல் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதி இருவருக்கும் அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் அப்பா சுப்பையாவுக்கு வயது எழுபத்தெட்டு. திண்டுக்கல்லை விட்டுக் கப்பலேறியபோது பத்தொன்பது. கப்பல் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து, அங்கேயே போர்மேன் ஆகி, அங்கேயே ஓய்வு பெற்றார். நான் அவருடைய ஒரே பிள்ளை. பிறந்தது, படித்தது, பாடம் நடத்தியது எல்லாம் சிங்கப்பூரில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்த பிறகு பதினோராவது மாடி வீட்டில் நானும் அப்பாவும்தான். திண்டுக்கல் எனக்கு நாலைந்து கல்யாணங்களுக்கு வந்துபோன ஊர், அவ்வளவுதான்.

நோய் தெரியவந்த விதம் இது. ஒரு நாள் காலையில் பள்ளிக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் கப்பல் பட்டறையின் காவலாளி. ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடமான அப்பா, பழைய சீருடையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்துப் போய் வாசலில் நின்று, உள்ளே விடச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் போனபோது காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "லேட் ஆயிருச்சுன்னு விட மாட்றாங்க" என்றார் என்னிடம். அவர் கண்ணில் இருந்தது அவமானம்.

நினைவுக்கான மருத்துவப் பிரிவில் டாக்டர் ஐந்து வார்த்தைகள் சொல்லி, மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார். "நீங்க ஒண்ணுமே சொல்லலயே" என்றார் அப்பா. பிறகு சாட்சிக்குக் கூப்பிடுவதுபோல என் பக்கம் திரும்பி, "இவரு ஏதாவது சொன்னாராம்மா?" என்று கேட்டார். 

தலையை ஸ்கேன் செய்தார்கள். நினைவைச் சேர்த்து வைக்கும் பகுதி சுருங்கியிருப்பதைப் படத்தில் காட்டினார்கள். அல்சைமர். மறதி நோய்களில் அதிகம் வருவது இதுதான் என்றும், மாத்திரை இதைக் கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது என்றும் டாக்டர் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்: "புதிதாக நடந்தவை முதலில் போகும். பழைய நினைவுகள் கடைசிவரை தங்கும்." மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வருடத்தை விரிவாக எழுத எனக்கு மனமில்லை. பகல்நேரக் காப்பகத்தில், சொல்லாமல் வெளியே போய்விடுகிறார் என்று ஆறு மாதத்தில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டு வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். இரண்டாவது பெண்ணை அப்பா அடித்திருந்தார். அம்மா மேல் ஒரு நாளும் கை நீட்டாத மனிதர் அவர். முதியோர் இல்லங்களில் விசாரித்தேன். எனக்குச் சம்பளம் வருவதால் அரசாங்கச் சலுகை குறைவு. சலுகை குறைந்தால் வரும் கட்டணத்துக்கு அந்தச் சம்பளம் போதாது. வேலையை விட்டால் சலுகை கூடும், ஆனால் சாப்பாட்டுக்கு வழியில்லை.

அப்போதுதான் திண்டுக்கல்லில் இருந்து செல்வம் பேசினான். அப்பாவின் தம்பி மகன், நாகல் நகரில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். "எதுக்குக்கா அங்க கெடந்து அல்லாடுறீக? இங்க கூட்டிட்டு வாங்க. பகலுக்கு ஒரு ஆளு, ராத்திரிக்கு ஒரு ஆளு போட்டுக்கலாம். பெரியப்பா சொந்த ஊரு மண்ண மிதிச்சா பாதி சரியாயிரும், நீங்க வேணா பாருங்க."

டாக்டர் சொன்னதையும் செல்வம் சொன்னதையும் சேர்த்து நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். பழையதுதான் கடைசிவரை தங்கும் என்றால், அப்பாவிடம் கடைசியில் மிஞ்சப்போவது திண்டுக்கல். அப்படியானால் அந்த ஊரிலேயே இருக்கட்டுமே. சம்பளமில்லாத விடுப்பு ஒரு வருடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வீட்டை வாடகைக்கு விட்டேன். மதுரையில் விமானம் இறங்கியபோது அப்பா என் காதருகில் குனிந்து மரியாதையாகக் கேட்டார்: "இது எந்த நாடும்மா?"

நாகல் நகரில் செல்வம் பார்த்து வைத்திருந்த வீட்டில் மாடிப்படி இல்லை, முன்னால் இரும்பு கேட். பகலில் பார்த்துக்கொள்ள ஆரோக்கியமேரி வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயாவாகப் பத்து வருடம் இருந்தவள். என்னை டீச்சர்க்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவளைப் போல நோயாளியைத் தொட்டுத் தூக்கத் தெரிந்தவர்களை நான் பார்த்ததில்லை. அப்பா கையை ஓங்கினால் நகர மாட்டாள். அந்தக் கையைப் பிடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்கய்யா, செத்த நேரம் நடப்போம்" என்று கிளம்பிவிடுவாள்.

முதல் வாரம் உறவினர்கள் வந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தார்கள். ஆனால் வந்த ஒவ்வொருவரும் அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "என்னைய யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார்கள். அப்பா சிரிப்பார். தெரியவில்லை என்பதை மறைக்க அவர் கற்று வைத்திருந்த சிரிப்பு அது. "தெரியாமயா?" என்பார். "அப்ப பேரைச் சொல்லுங்க பாப்பம்" என்பார்கள். எத்தனை பேர் வந்தார்களோ அத்தனை தடவை டாக்டர் அறைப் பரீட்சையில் அவரை உட்காரவைத்து, அத்தனை தடவையும் தோற்கவைத்தோம். அதன் பிறகு வாசலிலேயே எல்லோரையும் நிறுத்தி, அதைக் கேட்காதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். சிலருக்கு அது வருத்தம்தான்.

அவர் பிறந்த தெருவுக்கும் காரில் கூட்டிப்போனோம். செல்வம் ஒவ்வொரு இடமாகக் காட்டினான். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில், "யாரைப் பாக்க வந்திருக்கோம்?" என்றார்.

ஒரு நாள் மேரி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். "அய்யா பாலு பாலுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு டீச்சர்க்கா. ஆத்திக் கொண்டுபோனா தட்டி விட்டுர்றாரு. மறுபடி பாலுங்குறாரு. காலையில இருந்து மூணு தம்ளர் ஆச்சு."

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது பால் இல்லை. பாலிக். மலாயில் வீட்டுக்குத் திரும்பிப் போவது என்று அர்த்தம். கப்பல் பட்டறையில் ஷிப்ட் முடிந்ததும் ஆட்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சொல். அப்பா வீட்டுக்குப் போகவேண்டும் என்று காலையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நாங்கள் பால் ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்றைக்குத்தான் என் கணக்குத் தப்பு என்று எனக்கு விளங்கியது. பழையது தங்கியிருந்தது உண்மை. அப்பாவின் பழையது எது என்பதில்தான் தவறிவிட்டேன். பத்தொன்பது வயதுவரை இருந்த ஊரில் அவரிடம் எதுவும் மிஞ்சவில்லை. நாற்பது வருடம் வேலைக்குப் போய் வந்த பாதை மட்டும் அப்படியே இருந்தது. தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் சுவர் சுவராகத் தடவிக்கொண்டு லிஃப்ட் பொத்தானைத் தேடுவார். மாடியே இல்லாத வீட்டில் லிஃப்டை எங்கே போய்க் காட்டுவது? திரும்பிப் போகலாம் என்றால், அங்கே எங்கள் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. அங்கே அவரைப் பார்த்துக்கொள்ள மேரியும் இல்லை.

தை மாதம் பிறந்தது. பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் ஊருக்குள் இரவும் பகலும் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு, தள்ளுவண்டியில் கீரை வாங்கிவிட்டு உள்ளே வந்த நான் கேட்டைப் பூட்ட மறந்தேன். மேரி அடுப்படியில் அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் இருக்கும். நாற்காலி காலி. செருப்பு அங்கேயே கிடந்தது.

செல்வம் கடையைச் சாத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். நான் ஆட்டோவில் தெருத்தெருவாகத் தேடினேன். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோவைக் காட்டினேன். "இந்தக் கூட்டத்துல ஒரு பெரியவரை எங்கம்மா தேடுறது? சொல்லி வைக்கிறோம்" என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னதில் தப்பில்லை. அப்பாவின் மணிக்கட்டில் என் நம்பர் எழுதிய பட்டை இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நினைவு வந்தது. அது சிங்கப்பூர் நம்பர். இங்கே வந்து மாற்றவே இல்லை. அந்த போன் பீரோ டிராயரில் கிடக்கிறது. சார்ஜ் இருக்கிறதா என்பதே தெரியாது. உடனே மேரியைக் கூப்பிட்டு அதைச் சார்ஜில் போடச் சொன்னேன்.

ஒரு மணிக்கு மேல் மேரி கூப்பிட்டாள். "டீச்சர்க்கா, பழைய போன் அடிச்சது. எடுத்துப் பேசிட்டேன். அய்யா பழனி ரோட்டுல ரெட்டியார்சத்திரத்துக்கிட்ட இருக்காராம். ஒரு அம்மா கூட இருக்காங்களாம். உசுரோட இருக்காரு, மொதல்ல அழுகைய நிறுத்துங்க."

சாலையோர அன்னதானப் பந்தலில் அப்பா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதங்களிலும் கொப்புளம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து நடந்து வந்த மீனாள் என்ற அம்மா, தன் கூட்டத்தை முன்னால் போகச் சொல்லிவிட்டு, அவர் காலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எங்களோடதான் நடந்து வந்தாக. வெறுங்காலா வரவும் மாலை போட்டவுகன்னு நெனச்சுட்டோம். அரோகரா போட்டா எங்களுக்கும் மேல சத்தமாப் போடுறாக. எங்கயிருந்து வாரீகன்னு கேட்டேன். சிராங்கூன் ரோடுன்னாக. எது வரைக்கும்னேன். டேங்க் ரோடுங்குறாக. அப்பத்தான் எனக்குச் சந்தேகம் தட்டுச்சு" என்றார்.

சிங்கப்பூரில் தைப்பூசக் காவடி சிராங்கூன் ரோட்டில் கிளம்பி டேங்க் ரோட்டில் முடியும். வருடாவருடம் அப்பா நடப்பார். அதன்பின் நாங்கள் மூவரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போவோம். இந்தக் கூட்டத்தோடு போனால் வீடு வந்துவிடும் என்று நடந்திருக்கிறார்.

"ரொம்பச் சந்தோஷமா வந்தாக, ஆத்தா. முகத்தப் பாக்கணுமே" என்று சொல்லிவிட்டு மீனாள் எழுந்து, தன் கூட்டத்தைப் பிடிக்க வேகமாக நடந்தார். நான் நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை. ஊருக்கு வந்த ஏழு மாதத்தில் அப்பா சந்தோஷமாக இருந்த ஒரே நேரம், நான் அவரைத் தொலைத்துவிட்ட மூன்று மணி நேரம் என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

செல்வம் கொண்டுவந்த காரில் ஏற்றும்போதே அப்பாவின் தலை தொங்கிவிட்டது. நேரே ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தலையில் அடிபட்டிருக்கிறதா என்று ஸ்கேன் செய்தார்கள். ரத்தக்கசிவு இல்லை. ஆனால் உடம்பில் நீர் வற்றி, உப்புச்சத்து தாறுமாறாகி, சிறுநீரகம் தடுமாறியிருந்தது. சிறுநீரில் கிருமித்தொற்று வேறு. அது முன்பே இருந்திருக்க வேண்டும், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றார் டாக்டர். எங்களுக்கும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் முதல் அப்பா வேறு ஆளாக இருந்தார். காற்றில் எதையோ பிடிப்பதுபோலக் கையை வீசினார். கட்டிலின் கம்பியை வெல்டிங் செய்வதுபோல விரல்களை நகர்த்திக்கொண்டே இருந்தார். இதற்கு டெலீரியம் என்று பெயர் எனச் சொல்லி டாக்டர் எனக்கு விளக்கினார். "ஏற்கெனவே பலமில்லாத மூளை. அதுல காய்ச்சலும் புது இடமும் சேர்ந்தா மொத்தமா குழம்பிப் போகும். தொற்று எறங்கினா இதுவும் எறங்கும். ஆனா முன்னால இருந்த எடத்துக்கே திரும்பி வருவாருன்னு நான் சொல்ல மாட்டேன்மா."

அப்பா சிறுநீர்க் குழாயை இழுத்துவிட்டார். படுக்கையெல்லாம் ரத்தம். அதன் பிறகு இரண்டு கைகளுக்கும் துணி உறை மாட்டிக் கட்டிலோடு கட்டினார்கள். கட்டுவதற்கு என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். அவர் என்னைப் பார்த்து மலாயில் "தோலோங், தோலோங்" என்றார். காப்பாற்று என்று அர்த்தம். அந்த வார்டில் அது எனக்கு மட்டும்தான் புரிந்தது.

செல்வம் தினமும் காலையில் பிளாஸ்கில் வெந்நீரும் எனக்கு இட்லியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். ஊர் மண்ணை மிதித்தால் சரியாகும் என்று சொன்னதை நினைத்து அவன் குமைவது எனக்குத் தெரியும். ஒரு நாள், "நாந்தான்க்கா உங்களை வரச்சொன்னேன்" என்று ஆரம்பித்தான். "கேட்டைத் திறந்து போட்டது நான்" என்றேன். 

ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. குழப்பமும் மெல்ல அடங்கியது. கைக்கட்டை அவிழ்த்தார்கள். ஆனால் அப்பா வாயைத் திறக்கவில்லை. கஞ்சியை ஸ்பூனில் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். மேரி ஊட்டிப் பார்த்தாள், செல்வம் பார்த்தான். நான் அப்பா அப்பா என்று கெஞ்சினேன். என்னிடம்தான் அதிகமாக முகத்தைத் திருப்பினார். விழுங்குவதில் கோளாறு இருக்கிறதா என்று தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துச் சோதித்தார்கள். கோளாறு இல்லை. அவர் சாப்பிட மறுக்கிறார், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் டாக்டர் சொன்னார்: "நாளைக்குக் காலை வரைக்கும் பாப்போம். இல்லைன்னா மூக்கு வழியா வயித்துக்கு டியூப் போடணும். அவர் இழுத்துருவாரு. அதனால கையை மறுபடி கட்டவேண்டி வரும். வீட்டுக்குப் போனாலும் கட்டித்தான் வைக்கணும். போடலாமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணிச் சொல்லுங்க."

கேட்பதற்கு எனக்கு ஆள் இல்லை. வாழ்நாள் முழுவதும் இப்படிப்பட்ட கேள்விகளை நான் கேட்டு வந்தது அப்பாவிடம்தான்.

மறுநாள் காலை, வார்டில் குளிராக இருக்கிறது என்று மேரி தன் வெள்ளைச் சட்டையை என் தோளில் போட்டுவிட்டு மருந்து வாங்கப் போயிருந்தாள். ஆயாக்கள் சேலைக்கு மேலே போடும் சட்டை. டிரேயில் குழாயைத் தயாராக வைத்திருந்தார்கள். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தேன். அப்பா கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தெளிவான பார்வை. நோய்க்கு முன்பு இருந்ததுபோல.

"மிஸ்ஸி" என்றார்.

சிங்கப்பூரில் பழைய ஆட்கள் நர்ஸைக் கூப்பிடும் பெயர் அது.

"மிஸ்ஸி, ஒரு உதவி. என் பொண்ணு ஸ்கூல்ல டீச்சரா இருக்கு. நான் இங்க கெடக்கறது அதுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன்.

"தெரிய வேணாம். போன் போட்றாதீங்க. கிளாஸை விட்டுட்டு ஓடி வந்துரும். இங்க ஒரு பொம்பளை நாள் பூரா உக்காந்து அப்பா அப்பான்னு அழுவுது. அது யாருன்னு தெரியல. எம்பொண்ணும் இப்படித்தான் அழுவுமோன்னு எனக்குச் சோறே எறங்கல."

"போன் போடமாட்டேன் அங்கிள்" என்றேன். "அந்தப் பொம்பளையையும் அனுப்பிட்டேன். இனி அவங்க வரமாட்டாங்க."

அவர் தோள் தளர்ந்தது. ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனேன். வாயைத் திறந்தார். அரைக் கிண்ணம் சாப்பிட்டார். மருந்தோடு திரும்பிவந்த மேரி கதவருகிலேயே நின்றுவிட்டாள். டாக்டர் வந்து கிண்ணத்தைப் பார்த்தார், டிரேயை எடுத்துப் போகச் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். நான்கு மாதம் ஆகிறது. அவரால் இப்போது நடக்க முடியாது. லிஃப்டைத் தேடுவதில்லை. வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்பதுமில்லை. அவர் சமாதானமாகிவிட்டாரா, கேட்கும் சக்தியும் போய்விட்டதா என்பது எனக்குத் தெரியாது. மேரி எனக்கு இரண்டு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டால்தான் சாப்பிடுகிறார். வேலையை ராஜினாமா செய்துவிட்டேன்.

நீங்கள் இருவரும் கேட்டதற்குப் பதில் இதில் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. இங்கே ஆள் கிடைக்கும். நல்ல ஆள் கிடைக்கும். அங்கே என்னால் கொடுக்க முடியாத கவனிப்பை அப்பாவுக்கு இங்கே கொடுக்க முடிகிறது. ஆனால் கூட்டி வருவதற்கு முன்னால், உங்கள் அம்மாவுக்கு, உங்கள் அப்பாவுக்கு, வீடு எது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் நிலையில் இருக்கும்போதே கேளுங்கள். நான் கேட்கவில்லை.

இன்று காலை முகம் துடைத்துவிட்டபோது அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "மிஸ்ஸி, எம்பொண்ணு எப்பவாச்சும் வந்துச்சுன்னா, உங்கப்பா நல்லா இருக்காருன்னு சொல்லிருங்க. நல்லாப் பாத்துக்கறாங்கன்னு சொல்லுங்க. அது மனசு நிம்மதியா வேலைக்குப் போவட்டும்."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.